தோரா கேட்ட ஒரே ஒரு சாவடி

ஹேதர்டன் சட்டமன்றத் தொகுதி இப்போது கிடையாது. வரைபடத்தில் தேடினால் அந்த இடத்தில் வேறு மூன்று தொகுதிகளின் ஓரங்கள் வந்து முட்டிக்கொண்டிருக்கும். அது உயிரோடு இருந்த காலம் முழுக்க எங்கள் கட்சி அங்கே ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கடைசி இருபது வருஷம் அங்கே கட்சி அமைப்பாளர் நான். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள்.

சஸ்காச்சுவன் மாகாணத்தில் கோதுமையும் காற்றும் தவிர வேறு எதுவும் இல்லாத தொகுதி அது. முதலில் ஒரு வக்கீல் ஜெயித்தார். அப்புறம் ஒரு மருந்துக்கடைக்காரர். அப்புறம் டிராக்டர் விற்கிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ரோட்டுக்குக் கப்பி போடுகிறேன் என்பார். ஒரே ஒரு தடவை போட்டார், தன் கடை வாசல் வரைக்கும். நாங்கள் விட்டுவிடுவோமா? துண்டுப்பிரசுரம் போட்டோம். கப்பி ரோடு கேட்டவன் கையில் உலகக் கோதுமை விலையின் சரித்திரத்தைக் கொடுத்தோம். எழுதியது நான்தான். அடுப்புப் பற்றவைக்க அதுபோல் தாள் கிடைக்காது என்று பல வீடுகளில் பாராட்டினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தோரா ஸ்டென்ருட் கதை. அந்தத் தொகுதியில் எங்கள் கட்சிக்காக ஆறு தடவை நின்று ஆறு தடவையும் தோற்றவள். நோர்லன் என்ற குக்கிராமத்துக்கு வெளியே அவளுக்குக் கோதுமை வயல். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். குளிர்காலத்தில் கர்லிங் கூடத்துக்குத் தண்ணீர் விட்டு ஐஸ் கட்டுகிற வேலையும் அவளுடையதுதான். நோர்லனில் குளிர்காலம் முழுக்க ஜனங்கள் அந்த ஐஸ் மேல் கல்லைத் தள்ளி விளையாடித்தான் பைத்தியம் பிடிக்காமல் தப்பிக்கிறார்கள். தோராவின் ஐஸில் கல் போனால் முனகாமல் போகும் என்பார்கள். அவள் எந்த மேடையில் பேசினதையும்விட அந்த ஐஸைப் பற்றித்தான் ஊர் அதிகம் பேசும்.

அவள் வேட்பாளரானது இப்படி. பனிப்புயல் அடித்த ஒரு நாள் வேட்பாளர் தேர்வுக் கூட்டம் வைத்திருந்தேன். வந்தவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். நில்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் இடுப்பு வலி, மாடு கன்று போடப்போகிறது என்று ஏதாவது சொன்னார்கள். தோரா கட்சிக்காரிதான், ஆனால் அன்றைக்கு வந்தது இரவல் கொடுத்த காபிப் பானையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக. அவள் பின்னறையில் பானை கழுவிக்கொண்டிருந்தபோது முன்மொழிந்தோம். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஜெயிக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கா?" என்றாள்.

"சுத்தமா இல்லை."

"அப்போ சரி. பஸ்ஸை வேற யார் ஓட்டறதுன்னு கவலைப்பட வேண்டாம்."

அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலிலும் தோற்றாள். தொகுதியில் தோற்றது அவளைத் தொடவே இல்லை. அது பெரிய தொகுதி, அந்தக் கோடியில் இருக்கிறவனுக்கு இவளைத் தெரியாது. அவளைக் குடைந்தது நோர்லன் சாவடி. ஊர் ஹாலிலேயே ஓட்டு, அங்கேயே எண்ணிக்கை, எண்ணினதும் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தன் சொந்தச் சாவடியிலேயே தோற்றாள். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. எப்போதும் ஏழெட்டு ஓட்டு. பலகையைப் பார்த்துவிட்டு, அங்கேயே எல்லாரோடும் உட்கார்ந்து காபி குடிப்பாள். மறுநாள் காலையில் அவர்கள் பிள்ளைகளையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவாள்.

இதற்கு நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். தேர்தலுக்குத் தேர்தல் நோர்லனில் ஓட்டுப் போடுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மக்களிடம் அரசியல் அலட்சியம் பரவிவிட்டது என்று முடிவுகட்டினேன். 'நோர்லன் தூங்குகிறதா?' என்று ஒரு பிரசுரம் எழுதி வீடு வீடாகப் போட்டேன். யாரும் கோபப்படவில்லை. நெஸ்டர் வோலோஷின் மட்டும் ரோட்டில் என்னை நிறுத்தி, "தலைவரே, தூங்கலை. மாடு கறந்துக்கிட்டிருந்தோம்" என்றான். தோரா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன். ஆளுங்கட்சியில் ஊறினவன். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். தண்டவாளம் போனதும், விளைந்ததைச் சேர்த்து ரயிலில் ஏற்றுகிற தானியக் கோபுரத்தை மூடினார்கள். ஸ்டேஷன்காரர் குடும்பமும் கோபுரத்தில் வேலைபார்த்த குடும்பங்களும் ஊரைவிட்டுப் போயின. பள்ளிக்கூடமும் டவுனுக்குப் போய்விட, காலியாகக் கிடந்த வாத்தியார் வீடு வாடகை மலிவாகக் கிடைத்தது. நான் நோர்லனுக்குக் குடிவந்தேன். என் மனைவி டவுன் வீட்டையும் என் பிரசுர மூட்டைகள் இல்லாத வாழ்க்கையையும் தேர்ந்தெடுத்திருந்தாள். எல்லை ஆணையம் ஒன்று உட்கார்ந்து, ஹேதர்டனில் ஆள் போதாது, அடுத்த தேர்தலோடு தொகுதி கலைக்கப்படும் என்று அறிவித்தது. எதிரியை ஒழிக்க இருபது வருஷம் முயன்றேன். எதிரி அப்படியே இருந்தான், தொகுதி ஒழிந்தது.

கடைசித் தேர்தலுக்கு நிற்கச் சொல்லித் தோராவைக் கேட்கப் போனேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தாள்.

"நிக்கறேன்" என்று குரல் வந்தது. "ஆனா இந்தத் தடவை எனக்கு ஒண்ணு வேணும், ஆர்விட்டு." என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிடுவது அபூர்வம்.

"சொல்லு."

அவள் வெளியே வந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்தாள். "தொகுதி வேண்டாம். அதை நீயே வச்சுக்க. நோர்லனை மட்டும் ஒரே ஒரு தடவை எனக்கு வாங்கிக் குடு. சாகப்போற தொகுதி. இதுக்கப்புறம் இந்த ஹால்ல என் பேரை யாரும் எழுதப்போறதில்லை. இந்த ஜனங்க ஒரு தடவையாவது எனக்குப் போட்டாங்கன்னு பாத்துட்டுப் போயிடறேன்."

தலைநகரான ரெஜைனாவையே பிடிக்கிற மாதிரி வேலையில் இறங்கினேன். எந்த வீடு நம் வீடு, எது அவர்கள் வீடு என்று கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை, சம்பளம் கேட்கிற மாதிரி. அதனால் அறுவடை முடிந்து ஹாலில் நடக்கும் வான்கோழி விருந்தில் யார் யாரோடு உட்கார்கிறார்கள், யார் தோரா சுட்டுக் கொண்டுவந்த 'பை' என்கிற பழப் பலகாரத்தை எடுக்கிறார்கள் என்று கண்காணித்தேன். இரண்டு துண்டு எடுத்தவர்களை உறுதியான ஆதரவாளர்கள் என்று குறித்துக்கொண்டேன்.

ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். "ஓட்டு உங்க இஷ்டம். ஆனா வீட்டுல இருந்துடாதீங்க. இது தோராவுக்குக் கடைசி. நான் வண்டி கொண்டுவரேன், வந்து ஏறிக்கங்க" என்றேன். கொஞ்சம் தயங்கினார்கள், ஆனால் தோரா பெயரைச் சொன்னதும் எல்லாரும் சரி என்றார்கள்.

தேர்தல் நாள் காலையில் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போன இடமெல்லாம் ஆச்சரியம். ஒருவரைக் கூப்பிடப் போனால் இருவர் வந்தார்கள். எதிர்வீட்டிலிருந்தோ பக்கத்து வயலிலிருந்தோ இன்னொருவர் முகம் மழித்து, கோட்டுப் போட்டுத் தயாராக நின்று, "இடம் இருக்கா?" என்றார். இருக்கும் இடத்தை இல்லை என்று சொன்னவன், பனியில் தன் வண்டி சிக்கினால் தனியாகத்தான் தள்ள வேண்டும். ஏற்றிக்கொண்டேன். இரண்டு இரண்டாகக் கொண்டுவந்து ஹாலில் இறக்கினேன். அலை வீசுகிறது, இருபது வருஷ உழைப்பு பலன் கொடுக்கிறது என்று நினைத்தேன். வண்டியில் தனியாக இருக்கும்போது கொஞ்சம் பாடவும் செய்தேன்.

மத்தியானம் பெர்கிட் ஆசன் என்ற விதவையை ஏற்றினேன். உறுதியான ஆதரவாளர். மூன்று துண்டு பை. கொஞ்ச தூரம் போனதும் என் கையைத் தட்டினார்.

"அந்த ஒசிப் வீட்டுல நிறுத்துப்பா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்."

ஒசிப் பிட்லுப்னி கல்யாணம் ஆகாத கிழவன். ஆளுங்கட்சி. வீட்டு ஜன்னலில் டிராக்டர்காரர் படமே வைத்திருப்பவன்.

"என்ன வார்த்தை?" என்றேன்.

"நான் ஓட்டுப் போடப்போறேன்னு."

"அவன் அந்தக் கட்சிக்காரன். அவன்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?"

"அந்தக் கட்சிக்காரன்ங்கறதாலதான் சொல்லணும். சொல்லாமப் போனா திருட்டுத்தனம் இல்லையா?"

நான் நிறுத்துவதற்குள் ஒசிப் வாசலில் நின்றான், தலை படிய வாரியிருந்தது. "போறோமா பெர்கிட்?" என்றான். "போறோம்" என்றார் அவர். அவன் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

"யாராவது எனக்கு விளக்கிச் சொல்றீங்களா?" என்றேன்.

"இதுல விளக்க என்ன இருக்கு?" என்றான் ஒசிப். "அவங்க போட்டா உங்களுக்கு ஒண்ணு. நான் போட்டா எங்களுக்கு ஒண்ணு. ரெண்டும் கழிஞ்சுபோகும். அதுக்கு எதுக்கு ஊர்வலம்? அதனால ரெண்டு பேரும் கைகுடுத்துக்கிட்டோம், ரெண்டு பேருமே போறதில்லைன்னு. நாங்க ஜோடி. பத்து வருஷமா. இப்போ இவங்க போறாங்க, அதனால நானும் போறேன்."

வண்டி தானாகவே மெதுவாகியது. "இந்த மாதிரி ஜோடி ஊர்ல எத்தனை?"

பெர்கிட் யோசித்தார். "ஊரே அப்படித்தானேப்பா. கோபுரத்துக்காரங்களும் ஸ்டேஷன்காரங்களும்தான் யாரோடயும் சேரலை. அவங்கதான் போய்ப் போட்டுக்கிட்டிருந்தாங்க, அதுல அந்தக் கட்சி ஏழெட்டு ஜாஸ்தி."

காலையிலிருந்து நான் செய்த வேலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு நடையிலும் ஒன்றையும், அதைக் கழிக்க இன்னொன்றையும் ஏற்றிக்கொண்டு, கட்சி பெட்ரோலில், பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறேன்.

"யார் ஆரம்பிச்சது இதை?" என்றேன்.

ஒசிப் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "உங்க வேட்பாளர்தான், தலைவரே. வேற யாரு?"

அவர்களை ஹாலில் இறக்கிவிட்டு நேராக நெஸ்டர் வீட்டுக்கு விட்டேன். தோரா அங்கேதான் இருந்தாள். நெஸ்டர் கிடங்குக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். அவன் மாடுகளுக்கு அவள்தான் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டு, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இதுவரைக்கும் நீ உனக்கே ஓட்டுப் போட்டதே இல்லையா?"

"இல்லை" என்றாள். "முதல் தேர்தலன்னிக்கு வைக்கோல் கட்டிக்கிட்டிருந்தோம். மழை வரப் பாத்துது. இவன் வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து, நீ உனக்குப் போடு, நான் அவனுக்குப் போடறேன், ரெண்டு வைக்கோலும் நனையட்டும்னான். கைகுடுத்துக்கிட்டோம். வைக்கோல் காஞ்சே வீடு வந்துது."

"ரொம்ப நல்ல வைக்கோல் அந்த வருஷம்" என்றான் நெஸ்டர் கட்டிலிலிருந்து.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே. தூங்கறோமான்னுதான் கேட்டே" என்றாள் தோரா.

நிலைமையைச் சொன்னேன். கோபுரத்துக்காரர்கள் போய்விட்டார்கள். மிச்ச ஊர் மொத்தமும் ஜோடி ஜோடியாக வந்து குத்திக்கொண்டிருக்கிறது. எண்ணினால் சரிக்குச் சரி நிற்கும். "உன் ஒரு ஓட்டு போதும் தோரா. நோர்லன் உனக்கு. வண்டி வெளியில நிக்குது."

அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். கையிலிருந்த வாளியின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

நெஸ்டர்தான் முதலில் பேசினான். "போய்ப் போட்டுட்டு வா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். என்னால எப்படியும் எந்திரிக்க முடியாது."

"அதனாலதான் போகலை" என்றாள். "நீ நடமாடறப்ப போயிருந்தா அது வேற. நீ இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறப்ப நான் போய்க் குத்திட்டு வந்து, ஊர் எனக்குப் போட்டுதுன்னு எப்படிச் சொல்லிக்கறது?"

"அப்போ எப்படி ஜெயிக்கறதா உத்தேசம்?" என்று கத்தினேன்.

"அது தெரியாமத்தானே ஒரு அமைப்பாளரைக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள்.

நெஸ்டர் கூரையைப் பார்த்தபடி, "தலைவரே, போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, குளிர் வருது" என்றான்.

பாக்கி இருந்தவர்களை ஏற்றி இறக்கினேன். வாக்குக் கொடுத்தாயிற்று, வேறு வழி இல்லை. சாவடி மூடப்போகிற நேரத்தில் கடைசி ஜோடியை இறக்கிவிட்டு வண்டியில் சாய்ந்து நின்றபோதுதான் ஞாபகம் வந்தது, நான் இன்னும் ஓட்டுப் போடவில்லை. உள்ளே ஓடினேன். சாவடி அதிகாரி வெல்மா, வாரா வாரம் எனக்கு முட்டை விற்கிறவர், என்னைப் பார்த்துப் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். விலாசம் கேட்டார். "உங்க ஜன்னல்லேருந்து தெரியற வீடுதாங்க" என்றேன். விலாசம் என்ன என்று மறுபடியும் கேட்டார். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

எண்ணும்போது ஊர் பாதி ஹாலில் நின்றது. தோரா கொட்டகை பூட்ஸோடு வந்து கடைசியில் நின்றுகொண்டாள். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று விழுந்துகொண்டே வந்தது. பெட்டியில் ஒரே ஒரு சீட்டு பாக்கி இருந்தபோது முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. வெல்மா அதைப் பிரித்து, இரண்டு பக்கத்து ஏஜெண்டுகளுக்கும் காட்டி, தோரா பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், அந்தக் கட்சிக்காரர்களும்தான். ஒசிப் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். தொகுதியில் வழக்கம்போல மண்ணைக் கவ்வினோம் என்று ரேடியோ சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். சளி.

தோரா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கப் காபியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மொத்தம் ஒத்தைப்படையா வருது" என்றாள்.

"ஆமா."

"ஜோடி ஜோடியா வந்தா ஒத்தைப்படை வராதே. தனியா வந்தது யாரு?"

நான் காபியை ஊதினேன்.

"உனக்கு ஜோடி கிடையாதா?"

"யாரும் கேக்கலை" என்றேன். உண்மை அதுதான். ஓட்டுப் போடமாட்டேன் என்று ஒரு கட்சி அமைப்பாளன் கைகொடுத்தால் அதை எவன் நம்புவான்? அந்த ஊரில் கழிப்பதற்குக்கூட யாரும் மெனக்கெடாத ஓட்டு என்னுடையது.

"அப்போ கணக்கு இது" என்றாள் தோரா. "நோர்லன் பாதி எனக்குப் போட்டுது, பாதி போடலை. டவுன்லேருந்து வந்த நீ சாய்ச்சு விட்டே."

"பலகையில என்ன எழுதியிருக்குன்னு பாரு. ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

"நீ நோர்லன்காரன்னா நான் ஜெயிச்சேன். இல்லைன்னா இல்லை." எழுந்து கப்பை எடுத்துக்கொண்டாள். "நீ நோர்லன்காரனான்னு யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்தாள், யோசித்துக்கொண்டே இருந்தாள். எங்கே பார்த்தாலும் "என்ன, முடிவு பண்ணியாச்சா?" என்பேன். "இன்னும் இல்லை" என்பாள். நெஸ்டர் எழுந்து கோலூன்றி நடக்க ஆரம்பித்தான். எங்களைத் தூக்கி, நகரத்தின் புறநகர் ஒன்றோடு சேர்த்து, நாக்கில் நிற்காத பெயருள்ள புதுத் தொகுதி ஒன்றில் ஒட்டினார்கள். கட்சி வேலையும் என்னிடமிருந்து நகரத்துக்குப் போயிற்று. பெர்கிட் டவுனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த தேர்தல் அறிவித்த வாரம் ஒசிப் என் கதவைத் தட்டினான். உள்ளே வா என்றேன். வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான்.

"பெர்கிட் போனதுலேருந்து நான் ஒத்தையா இருக்கேன்" என்றான். "உனக்கும் ஜோடி இல்லைன்னு தோரா சொன்னா. போய்க் கேளு, ஏமாத்த மாட்டான்னா."

"தோராவா சொன்னா?"

"வேற யாரு சொல்லுவா? கையை நீட்டறியா, நான் போகட்டுமா? மாடு நிக்குது."

இருபது வருஷத்துக்கு மேல் கட்சி வேலை செய்தவன். ஓட்டுரிமை பற்றி ஏழு பிரசுரம் எழுதியவன். கையை நீட்டினேன்.

தேர்தல் நாளன்று உறைபனி நன்றாக இறங்கியிருந்தது. தோரா கர்லிங் கூடத்தில் அந்த வருஷத்தின் முதல் ஐஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். நெஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொன்னான். ஒசிப்பும் நானும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போது பளபளப்பான ஷூ போட்ட ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் கட்சிதான். நகரத்திலிருந்து வந்த புது அமைப்பாளர்.

"ஓட்டுப் போட யாராவது வரீங்களா? வண்டி இருக்கு" என்றார்.

"எத்தனை பேருக்கு இடம்?" என்றாள் தோரா.

"நாலு பேரும் தாராளமா வரலாம்மா."

"நாலு பேரா வந்தா உங்களுக்குப் பிரயோஜனம் இல்லைங்க. பெட்ரோல் வீண்."

அவருக்குப் புரியவில்லை. இந்த ஊரில் மக்களுக்கு அரசியலில் அக்கறையே இல்லையா என்று வருத்தமாகக் கேட்டார். பிரசுரம் ஒன்றை எடுத்து நீட்டினார். தலைப்பில் 'தூங்குகிறதா?' என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அக்கறை இல்லாம என்ன?" என்றாள் தோரா, குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு. "இந்த ஊர்ல நான் தேர்தல்ல நின்னு ஜெயிச்சிருக்கேன். வேணும்னா இதோ நிக்கறாரே, எங்க ஊர்க்காரர், அவரைக் கேளுங்க."